பின்டயரின் உள்பக்கம் பார்த்தீங்களா? - தாழ்த்திய கார்களும் கேம்பர் கணக்கும்!

சனிக்கிழமை சாயங்காலம் காந்திபுரம் 100 அடி ரோட்டில் பத்து நிமிடம் நின்றால் போதும், அப்படி ஒரு கார் கண்ணில் பட்டுவிடும். தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்த பாடி, அகலமான அலாய் வீல், கறுப்பு ஃபிலிம். வேகத்தடை வந்ததும் மட்டும் வீரமெல்லாம் அடங்கி, நத்தை மாதிரி ஆகிவிடும். ஒரு சக்கரத்தை முதலில் ஏற்றி, காரைக் கோணலாகத் திருப்பி, அடிப்பாகம் உரசாமல் இறக்குவதற்குள் பின்னால் நிற்கும் டவுன் பஸ் மூன்று முறை ஹாரன் அடித்திருக்கும்.

அந்தக் காரைப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். பின்சக்கரங்கள் இரண்டும் நேராக நிற்காது. மேல்பகுதி உள்ளே சாய்ந்து, கீழ்ப்பகுதி வெளியே விரிந்து, கபடி ஆடுகிறவர் கால் அகட்டி நிற்பதுபோல இருக்கும். பார்க்க கெத்துதான். சிக்கல் இருப்பது டயரின் உள்பக்கத்தில். வெளியே இருந்து பார்த்தால் புது டயர் மாதிரி தெரியும். லிஃப்ட்டில் ஏற்றி, கீழே நின்று டார்ச் அடித்தால் உள் ஓரம் வழுக்கையாகி, நூல் தெரியும். இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் கம்பியே வெளியே வந்திருக்கும்.

வார நாள்களில் காலேஜுக்கும் பீளமேட்டுக்கும் ஓடுகிற அதே கார்தான், ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, பாட்டியை ஏற்றிக்கொண்டு பழனிக்குக் கிளம்பும். டிக்கி நிறைய சாமான். பின்சீட்டில் மூன்று பேர். அவினாசி ரோட்டிலோ பொள்ளாச்சி ரோட்டிலோ 90-ல் போகும்போது அந்த உள் ஓரம் விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. முன்டயர் வெடித்தால் ஸ்டீயரிங் இழுப்பதை வைத்து டிரைவருக்கு உடனே தெரியும். பின்டயர் போனால் காரின் பின்பகுதியே வழுக்கிச் சுழல ஆரம்பிக்கும். சரிசெய்ய நேரம் குறைவு.

கேம்பர் என்றால் என்ன?

வீடு கட்டும் கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார் இல்லையா? அதே வேலைதான். காரை முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ பார்க்கும்போது, அந்தத் தூக்குக்குண்டு நூலிலிருந்து சக்கரம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதுதான் கேம்பர். மேல்பகுதி உள்ளே சாய்ந்தால் மைனஸ், வெளியே சாய்ந்தால் பிளஸ்.

கொஞ்சம் மைனஸ் என்பது தப்பில்லை. பல கார்களின் பின்சக்கரங்களுக்குக் கம்பெனியே ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி மைனஸ் கொடுத்துத்தான் அனுப்புகிறது. வளைவில் திரும்பும்போது பாடி வெளிப்பக்கமாகச் சாயும்; அப்போது வெளிச்சக்கரம் நிமிர்ந்து, டயரின் முழு அகலமும் ரோட்டில் பதியும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் கார் பிடிமானத்தோடு போவதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம்.

காரைத் தாழ்த்தும்போது இந்த ஒன்றரை, மூன்றாகவோ அதற்கு மேலாகவோ ஆவதுதான் பிரச்னை.

குட்டைக் கயிறு, நீளக் கயிறு

எல்லா காரிலும் இப்படி ஆகாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பலர் பணத்தை வீணடிப்பது இந்த இடத்தில்தான்.

ஸ்விஃப்ட், போலோ, ஹோண்டா சிட்டி மாதிரி நம் ஊரில் அதிகம் ஓடும் கார்களின் பின்பக்கம் டார்ஷன் பீம் என்ற அமைப்பு இருக்கிறது. இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே இரும்புக் கட்டை இணைத்திருக்கும். மாட்டு வண்டியின் அச்சு அளவுக்கு விறைப்பு இல்லை, கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும். இந்த அமைப்பில் இரண்டு பக்கமும் சமமாகக் காரை இறக்கினால், பின்சக்கரக் கேம்பர் பெரிதாக மாறாது. இப்படிப்பட்ட கார் ஒன்றில் பின்சக்கரம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சாய்ந்திருந்தால், ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. பீம் வளைந்திருக்கலாம், வீல் பேரிங் ஆடலாம், எப்போதோ குழியில் விட்டு அடித்திருக்கலாம். வேண்டுமென்றே சாய்வான ஷிம் தகடு வைத்துச் சாய்த்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹோண்டா சிவிக், ஸ்கோடா லாரா, ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் போன்றவை வேறு ரகம். செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் வாங்கித் தாழ்த்துவதற்கு இளைஞர்கள் ஆசைப்படுவதும் இந்த மாதிரி கார்களைத்தான். இவற்றின் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழும் தனித்தனி ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. பொதுவாக மேலே இருப்பது குட்டை, கீழே இருப்பது நீளம்.

ஒரே கட்டுத்தறியில் இரண்டு மாடுகள். ஒன்றுக்குக் குட்டைக் கயிறு, இன்னொன்றுக்கு நீளக் கயிறு. இரண்டும் கயிறு விறைப்பாக இருக்க ஒரே தூரம் நடந்தால், குட்டைக் கயிற்று மாடு சீக்கிரமாக உள்ளே வளையும். நீளக் கயிற்று மாடு கிட்டத்தட்ட நேராகவே போகும். கார் கீழே இறங்கும்போது சக்கரம் பாடியை நோக்கி மேலே ஏறுகிறது. குட்டையான மேல் ஆர்ம் சக்கரத்தின் தலையை உள்ளே இழுக்கிறது. நீளமான கீழ் ஆர்ம் அவ்வளவு இழுப்பதில்லை. சாய்வு கூடுகிறது.

பழைய மாருதி எஸ்டீம், முதல் பலேனோ வைத்திருக்கும் ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவற்றின் பின்பக்கம் ஸ்ட்ரட் அமைப்பு. தாழ்த்தினால் அதிலும் கேம்பர் மாறும்.

டயரைத் தின்பது யார்?

அலைன்மென்ட் சென்டருக்கு வரும் பெரும்பாலானோர் 'கேம்பர் டயரைத் தின்னுது' என்றுதான் சொல்வார்கள். பாதி உண்மைதான் அது. கேம்பர் குனிந்து காட்டுகிறது. டயரைத் தின்பது பெரும்பாலும் டோ.

டோ என்பது பாதத்தின் திசை. மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக முன்னோக்கிப் பார்க்கிறதா, உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கிறதா என்பது. பின்சக்கரம் தனித்தனி ஆர்ம்களில் நிற்கும் கார்களில், தாழ்த்தும்போது கேம்பரோடு சேர்ந்து டோவும் மாறிவிடும். கேம்பர் கண்ணுக்குத் தெரியும். டோ தெரியாது.

சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பின்சக்கரம் வெறும் அரை டிகிரி திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உருள வேண்டிய திசை ஒன்று, கார் இழுத்துப்போகும் திசை இன்னொன்று. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் சக்கரம் சுமார் 8.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படும். 100 கிலோமீட்டர் போனால் கிட்டத்தட்ட 870 மீட்டர். கோவையிலிருந்து பழனி போய்ச் சேர்வதற்குள் முக்கால் கிலோமீட்டருக்கும் மேல் டயரை ரோட்டில் பக்கவாட்டில் இழுத்துப்போன மாதிரி. கேம்பர் கூடுதலாக இருந்து எடை முழுக்க உள் ஓரத்திலேயே விழுந்தால், இந்த உரசல் மொத்தமும் அந்த இரண்டு விரல் அகலத்தில்தான் நடக்கும்.

இது மெஷின் இல்லாமலே கையில் தெரியும். கார் குளிர்ந்திருக்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு (கம்பி குத்தும்!) டயரின் மேல்பரப்பில் உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். உள் ஓரம் வழவழவென்று சரிந்து தேய்ந்திருந்தால் கேம்பர். ஒரு பக்கம் தடவும்போது வழுக்கி, மறுபக்கம் தடவும்போது ரம்பப் பல் மாதிரி தட்டினால் டோ. தாழ்த்திய கார்களில் இரண்டும் சேர்ந்தே இருப்பது சகஜம்.

டயரின் பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். மீதமுள்ள ரப்பர் 1.6 மி.மீ. ஆனதும் அவை டயரின் மேல்பரப்போடு சமமாகிவிடும். அதுதான் மாற்ற வேண்டிய எல்லை. நடுவில் மட்டும் பார்த்துவிட்டு 'இன்னும் பத்தாயிரம் ஓடும்' என்று சொல்வது தாழ்த்திய காருக்குப் பொருந்தாது. உள் ஓரப் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் போனை வீடியோவில் போட்டு, ஃபிளாஷ் ஆன் செய்து, டயருக்குப் பின்னால் நீட்டி எடுத்தால் போதும்.

வீட்டு வாசலிலேயே அளக்கலாம்

சென்டருக்குப் போகும் முன் தோராயமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி. சமதளத் தரை வேண்டும். ரோடு ஓரம் சரியாக வராது. அபார்ட்மென்ட் பார்க்கிங் என்றால் நல்லது. நான்கு டயருக்கும் சரியான காற்று. ஜாக்கி போட்டு இறக்கியிருந்தால் காரைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். இல்லையென்றால் சக்கரம் தன் இயல்பு நிலைக்கு வந்திருக்காது.

ஃபெண்டரின் மேலிருந்து தூக்குக்குண்டு நூலை, டயரில் இடிக்காமல் தொங்க விடுங்கள். நூலிலிருந்து ரிம்மின் மேல் விளிம்பு எவ்வளவு தூரம், கீழ் விளிம்பு எவ்வளவு தூரம் என்று அளந்து, வித்தியாசத்தை எடுங்கள். அந்த இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே 430 மி.மீ. இருந்தால், 7.5 மி.மீ. வித்தியாசம் என்பது ஒரு டிகிரி. 15 மி.மீ. என்றால் இரண்டு டிகிரி. தூக்குக்குண்டு இல்லையா? நேரான மரச்சட்டம் ஒன்றை, ஒரே அளவுள்ள இரண்டு கட்டைகள் வைத்து ரிம்மின் மேலும் கீழும் படும்படி நிறுத்தி, அதன் மேல் போனில் இருக்கும் லெவல் ஆப்பை வைத்தாலும் டிகிரி காட்டும்.

பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்துவிட்டு அளந்து பாருங்கள். காலியாக இருக்கும்போது இரண்டு டிகிரி காட்டிய கார், குடும்பத்தோடு கிளம்பும்போது இன்னும் கீழே இறங்கி, இன்னும் சாயும். கார் மீட்டில் நிற்கும் கோணம் வேறு, பாட்டியோடு பழனிக்குப் போகும் கோணம் வேறு.

இந்த அளவு டோவைச் சொல்லாது. அதற்கு மெஷின்தான்.

சரிசெய்வது எப்படி?

காந்திபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வீல் அலைன்மென்ட் சென்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், 'அலைன்மென்ட் பண்ணியாச்சுங்க' என்ற வார்த்தைக்குப் பின்னால் என்ன செய்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. பல நேரங்களில் முன்சக்கர டோ மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். சாதாரணக் காருக்கு அது போதும். தாழ்த்திய காருக்குப் பின்சக்கரமும் சேர்த்து நான்கு சக்கர அலைன்மென்ட் வேண்டும். வேலைக்கு முன் ஒரு பிரின்ட் அவுட், முடிந்த பின் ஒரு பிரின்ட் அவுட். இந்த இரண்டு பேப்பரையும் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

நல்ல மெக்கானிக் மெஷினைத் தொடுவதற்கு முன் காரை ஆட்டிப் பார்ப்பார். புஷ் கிழிந்திருக்கிறதா, பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, ஆர்ம் எங்காவது வளைந்திருக்கிறதா, இடது வலது உயரம் சமமா என்று பார்ப்பார். தேய்ந்த புஷ்ஷோடு அலைன்மென்ட் செய்வது ஆடுகிற நாற்காலிக்குப் பெயின்ட் அடிப்பது போலத்தான்.

அடுத்து உயரம். காசு குறைவான வைத்தியம் இதுதான், பலருக்கும் பிடிக்காத வைத்தியமும் இதுதான்: கொஞ்சம் மேலே ஏற்றுவது. உயரத்தை மாற்றக்கூடிய காயில்ஓவர் போட்டிருந்தால் 10, 15 மி.மீ. ஏற்றினாலே கேம்பரும் டோவும் கணிசமாகத் திரும்பி வரும். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

அதற்கும் அடங்கவில்லை என்றால் பாகங்களை மாற்ற வேண்டும். சில கார்களின் பின் ஆர்மில் ஏற்கெனவே மையம் விலகிய போல்ட் இருக்கும். அதைத் திருப்பினால் ஆர்ம் உள்ளே வெளியே நகரும். அதன் எல்லை முடிந்துவிட்டால், நீளத்தை மாற்றக்கூடிய கேம்பர் ஆர்ம் போடலாம். ஸ்ட்ரட் உள்ள கார்களுக்கு கேம்பர் போல்ட் கிடைக்கிறது. டார்ஷன் பீம் கார்களில் சக்கர ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே மெல்லிய சாய்வுத் தகடான ஷிம் வைத்துச் சரிசெய்யலாம். அதற்கு முன் பீம் வளையவில்லை என்பது உறுதியாக வேண்டும்.

வரிசையும் முக்கியம். முதலில் கேம்பர், அப்புறம் டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால், தலைகீழாகச் செய்தால் செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். பின்சக்கரம் சரியான பின்தான் முன்சக்கரம். இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்து ஒரே பக்கமாகப் பார்த்தால் காரின் பின்பகுதி காரை ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடித்துத்தான் நேராக ஓட்ட முடியும்.

புஷ்ஷுக்கு வருவோம். கார் லிஃப்ட்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டுகளை முழுசாக இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். சில மாதத்தில் கிழியும், மறுபடியும் கோணம் மாறும். ரப்பர் புஷ் உள்ள ஆர்மை, கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். சின்ன விஷயம், ஆனால் அவசரத்தில் விட்டுப்போகிற விஷயம்.

லேத்து ஊரின் ஆசை

கோயம்புத்தூர் பம்ப்செட்டும் மோட்டாரும் செய்யும் ஊர். எந்த இரும்பையும் கடைந்து, வெட்டி, ஒட்டித் தர தெருவுக்கு ஒரு லேத்துப் பட்டறை உண்டு. அது இந்த ஊரின் பெருமை. ஆனால், சஸ்பென்ஷன் ஆர்மை அங்கே கொண்டுபோய் 'ஒரு அரை இஞ்சு நீட்டி வெல்ட் வெச்சுக் குடுங்ணா' என்று கேட்பது மட்டும் வேண்டாம். ஒவ்வொரு பள்ளத்திலும் மேட்டிலும் இழுபட்டு, அமுக்கப்படும் பாகம் அது. வெல்ட் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் இரும்பின் தன்மை மாறியிருக்கும். விரிசல் உள்ளே ஆரம்பித்தால் வெளியே தெரியாது. சூடு காட்டி வளைப்பதும் இதே ரகம்.

ஸ்பிரிங்கை கட்டிங் மெஷினில் அறுத்துத் தாழ்த்துவதும் அப்படித்தான். வெட்டிய ஸ்பிரிங் இருக்கையில் ஒழுங்காக உட்காராது. குழியில் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது நழுவக்கூடும். ஷாக் அப்சார்பருக்கு அசைய இடமில்லாமல் அடிக்கடி முட்டும். இப்படித் தாழ்த்திய காருக்கு விலையுயர்ந்த கேம்பர் ஆர்ம் வாங்கிப் போடுவதில் அர்த்தமில்லை. முதலில் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும்.

தேய்ந்த டயரை முன்னால் போட்டு, முன்டயரைப் பின்னால் போடும் பழக்கமும் உண்டு. நோயை மறைக்கும் வேலை அது. சில மாதத்தில் நான்கு டயரும் போயிருக்கும்.

'ரேஸ் காரில் அப்படித்தானே இருக்கு?'

இந்தக் கேள்வியை மற்ற ஊர்க்காரர்களைவிட கோவைப் பையன்கள் உரிமையோடு கேட்பார்கள். கேட்கவும் தகுதி உண்டு. மாருதி 800-ன் பாகங்களை வைத்து ஃபார்முலா மாருதி என்ற குறைந்த விலை ரேஸ் காரை 1980-களின் கடைசியில் உருவாக்கி, ஒரு தலைமுறையையே ரேஸுக்குக் கொண்டுவந்த எஸ்.கரிவரதன் இந்த ஊர்க்காரர். 1995-ல் விமான விபத்தில் இறந்த அவரின் பெயரில்தான் செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. நீள கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைதான்.

ரேஸ் கார்களில் சக்கரம் சாய்ந்திருப்பது உண்மை. ஆனால், அங்கே டயர் பல சுற்றுகளுக்கு ஒருமுறை பிட்டுக்கு வரும். சூடு, காற்று, தேய்மானம் எல்லாம் அளப்பார்கள். சந்தேகம் வந்தால் மாற்றிவிடுவார்கள். அப்படியும் தப்பாகப் போனதுண்டு. 2013 ஜூன் 30-ம் தேதி சில்வர்ஸ்டோனில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீயில் ஹாமில்டன், மாஸா, வேர்ன், பெரெஸ் என வரிசையாக இடது பின்டயர்கள் கிழிந்து பறந்தன. டயர் கொடுத்த பிரெல்லி நிறுவனம் பின்னர் சொன்ன காரணங்களில், பின்டயர்களை இடம் மாற்றி மாட்டியது, காற்றைக் குறைத்து வைத்தது, ட்ராக் ஓரக் கட்டைகளில் ஏறி இறங்கியது ஆகியவற்றோடு அளவுக்கு மீறிய கேம்பரும் இருந்தது.

நம் காருக்கு பிட் கிடையாது. பஞ்சர் ஆனால்தான் டயரைக் கழற்றுவோம்.

ஜப்பானில் இந்தச் சாய்வை வேண்டுமென்றே உச்சத்துக்குக் கொண்டுபோகும் ஒரு கலாசாரம் இருக்கிறது. 'ஓனிக்யான்' என்பார்கள், பேய்க் கேம்பர் என்று அர்த்தம் சொல்லலாம். டயரின் ஓர விளிம்பில் மட்டுமே கார் நிற்கும். கண்காட்சிக்கு அழகுதான். அதைப் பார்த்துவிட்டு, தினமும் ஆபீஸ் போகும் காரில் பாதியளவு செய்து பார்ப்பதுதான் இங்கே நடக்கிறது.

போலீஸும் இன்ஷூரன்ஸும்

தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் க்ளெய்ம் கேட்கும்போது சிக்கலைக் கொண்டுவரும்.

இன்னொரு நடைமுறைச் சங்கடம் ரோடு. இந்திய ரோடு காங்கிரஸ் சொல்லும் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். ஆனால், குடியிருப்புத் தெருக்களில் ஆளாளுக்குப் போட்டிருக்கும் குட்டையான, செங்குத்தான மேடுகள் எந்த அளவிலும் அடங்காது. 170 மி.மீ. தரை இடைவெளியுள்ள காரை 40 மி.மீ. இறக்கி, அதில் ஐந்து பேரையும் ஏற்றினால், அந்த மேட்டில் முதலில் அடி வாங்குவது அடிப்பாகமும் ஆர்ம்களும். சரிசெய்த கேம்பர் மறுநாளே மாறுவதற்கு அந்த ஓர் அடி போதும்.

அதனால் வேலை முடிந்து வண்டியை எடுத்த பின் ஆயிரம் கிலோமீட்டரில் ஒருமுறை குனிந்து, உள் ஓரத்தை மட்டும் பாருங்கள். புது டயர் என்றால் பள்ளத்தின் ஆழம் உள்ளே, நடுவில், வெளியே என மூன்று இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே மட்டும் குறைந்திருந்தால், அந்த இரண்டு பிரின்ட் அவுட்டையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குத் திரும்பப் போகலாம். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் அப்படியே ஒரு முறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.